ஒருவேளை கூடத் தவறினதில்லீங்க

வாங்க தம்பி, இந்தப் பக்கம் உக்காருங்க. அந்த ஓரத்துல உக்காந்தா பெஞ்சு தூக்கிரும். அம்மாவ நடுவால உக்கார வெய்யுங்க. ஆங், அப்படி. உள்ள ஆளிருக்குதுங்க. எம்பட பொண்டாட்டிதான். டாக்டரம்மாகூடப் பேசிட்டு இருக்கறா. நானா? நா வெளிய இருக்கறேன். பாத்தாத் தெரியலீங்ளா? என்னைய வெளிய அனுப்பிட்டாங்க.

சிரிச்சுக்குங்க, பரவால்ல. இந்த இல்லத்துல இருக்கறவிங்க எல்லாரும் சிரிச்சு முடிச்சுட்டாங்க. நீங்கதான் பாக்கி.

அம்மாவச் சேக்க வந்திருக்கீங்களா? செரி செரி. நல்ல எடந்தாங்க. சோறு கொஞ்சம் கொழையும், மத்தபடி கொற சொல்றதுக்கில்ல. ஏனுங்கம்மா, உங்க பேரென்னங்க?... மயிலாத்தாளா? தம்பி, நா உங்கம்மாவத்தான் கேட்டேன். நீங்க சொல்றீங்க. இல்லீங்க, கோவமெல்லாம் இல்லீங்க. நீங்களும் நம்ம கட்சியாட்டத்தான் இருக்குது, அதச் சொன்னேன். அந்தக் கட்சிக்குத் தலைவரே நாந்தான். அதுக்குத்தான் இன்னிக்கு வெளிய உக்காந்திருக்கறேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. அவ பேரு தெய்வாத்தா. பையன் ஓசூருல கம்பெனில இருக்கறான், மருமகளும் வேலைக்குப் போறா. பகலெல்லாம் பூட்டுன ஊட்டுக்குள்ள ரண்டு பேரும் செவுத்தப் பாத்துட்டு இருந்தோம். போதும்டா சாமின்னு நாங்களே கேட்டு இங்க வந்துட்டோம். ஜன்னல் வெச்ச ரூமு. ஜன்னலுக்கு வெளிய அவ ஒரு கனகாம்பரத் தொட்டி வெச்சிருக்கறா. எந்திரிச்சதும் மொதல்ல அதத்தான் பாப்பா, அப்பறந்தான் என்னைய.

நா எங்கூருப் பால் சொசைட்டில செயலாளரா இருந்தனுங்க. சாகற வரைக்கும் இருந்திருப்பேன், அதுக்குள்ள ரிட்டயராயிட்டேன். சொசைட்டில என்ன பெரிய வேலைன்னு கேப்பீங்க. பால் ஊத்தறது, அளக்கறது எல்லாம் வேற ஆளு பாக்கும். எம்பட வேலை ஆபீசரு வந்தாப் பேசறது. பால் ஒன்றியத்துலருந்து ஜீப்பு வரும். எறங்குனதும் ஓடிப்போயி கும்பிடு போட்டு, எளநி வெட்டிக் குடுத்து, அவரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாலயே, "எல்லாம் சரியா இருக்குதுங்க"ன்னு சொல்லிப்போடோணும். அவரும் "அப்படியா, நல்லது"ம்பாரு. ஜீப்பு போயிரும். அதுக்கப்புறமேட்டுக்கு என்ன சரியில்லையோ அத நாங்களே உக்காந்து சரி பண்ணிக்குவோம். ஆபீசருக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி. இப்படியே காலந்தள்ளுன வாயிங்க இது. வேற ஒண்ணும் இதுக்குத் தெரியாது.

இங்க வந்தா, புதங்கெழமை புதங்கெழமை டாக்டரம்மா வராங்க. சின்ன வயசுதான். எம்பட பேத்தி வயசு. ஆனா அந்தக் குழாயக் கழுத்துல போட்டுட்டுக் கார விட்டு எறங்கறாங்க பாருங்க, எனக்கு அந்த ஜீப்பு வந்த மாதிரியேதான் இருக்குது. கை தானா மேல போயிருது. வாய் தானாத் தொறந்துக்குது.

தெய்வாத்தாளுக்குப் பிரஷர் மாத்திரைங்க. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்பறம். எனக்கும் ஒண்ணு ரண்டு இருக்குது. நீர் பிரியறதுக்கு ஒண்ணு, இன்னொண்ணு என்னமோ. அது கெடக்குது விடுங்க. இங்க என்ன மொறைன்னா, ஜெபா சிஸ்டருன்னு ஒரு புள்ள இருக்குது. அது சின்னக் கிண்ணத்துல மாத்திரையப் போட்டுக் கொண்டாந்து, நாம முழுங்கற வரைக்கும் பக்கத்துல நின்னு பாக்கோணும். வந்த புதுசுல நின்னுச்சு. பாவம், அத்தன பேருக்கும் குடுக்கோணுமில்ல? நாந்தான் சொன்னேன், "எங்கிட்டக் குடுத்துட்டுப் போ கண்ணு, எங்க ரண்டு பேத்துக்கும் நாம் பாத்துக்கறேன்"ன்னு. அன்னில இருந்து ரண்டு கிண்ணமும் எங்கைக்குத்தான் வரும். சொசைட்டிச் சாவி வெச்சிருந்த கை. நம்பிக் குடுத்துட்டுப் போயிருச்சு அந்தப் புள்ள.

டாக்டரம்மா வந்து உக்காருவாங்க. அவளப் பாத்துக் கேப்பாங்க, "அம்மா, எப்படி இருக்கீங்க?" நாஞ் சொல்லுவேன், "நல்லா இருக்கறாளுங்க." "தலை சுத்துதா?" "அதெல்லாம் இல்லீங்க." "தூக்கம் வருதா?" "அடிச்சுப் போட்டாப்ல தூங்கறாளுங்க." "மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?" "ஒருவேளை கூடத் தவறினதில்லீங்க." இதுல ஒண்ணாச்சும் பொய்யின்னு நெனைக்கறீங்களா? அப்ப அதெல்லாம் நெசந்தானுங்க. நெசம்னு நெனச்சுத்தான் சொன்னேன். தலை சுத்துதான்னு நா அவளக் கேட்டதில்ல, அது வேற விஷயம்.

ஒரு நா டாக்டரம்மா எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க, "நாச்சிமுத்து ஐயா மாதிரி ஒருத்தர் ஒவ்வொரு ரூமுலயும் இருந்தா எனக்குக் கவலையே இல்ல"ன்னு. அவ்வளவுதானுங்க. நா கெட்டதே அங்கதான். அன்னிக்கு ரண்டு இட்லி எச்சாச் சாப்ட்டேன். அடுத்த ரூமுக்காரரு மாத்திரை போட மறந்தாருன்னா, நாம்போயி புத்தி சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அவரு என்னையக் கண்டாலே போர்வைய இழுத்து மூடிக்குவாரு.

இப்படி இருக்கறப்பத்தான் ஐப்பசில சஷ்டி வந்துச்சு.

தெய்வாத்தா முன்னயெல்லாம் கடேசி நாள், சூரசம்ஹாரத்தன்னிக்கு மட்டுந்தான் வெரதம் இருப்பா. இந்த வருசம் ஆறு நாளும் இருக்கறேன்னுட்டா. "எதுக்குடி இந்த வயசுல?"ன்னேன். "வேண்டுதல்"ன்னா. "என்ன வேண்டுதல்?"ன்னேன். "வேண்டுதல வெளிய சொன்னாப் பலிக்காது"ன்னா. நானும் விட்டுட்டேன். பையனுக்குப் பதவி உசரோணும்னு இருக்கும், பேத்திக்கு மாப்ள அமையோணும்னு இருக்கும், பொம்பளைங்களுக்கு முருகங்கிட்ட ஆயிரம் சோலி.

மொத நாள் காலைல சிஸ்டரு கிண்ணத்தக் குடுத்துட்டுப் போச்சு. நா அவகிட்ட நீட்டுனேன். அவ என்ன சொன்னா தெரியுங்ளா? "சாப்பாட்டுக்கு அப்பறந்தான இது? எனக்குத்தான் இன்னிக்குச் சாப்பாடே இல்லியே."

யோசிச்சுப் பாத்தேன். நாயந்தான? சாப்பாட்டுக்கு அப்பறம்னு டாக்டரம்மாவே சொல்லிருக்கறாங்க. சாப்பாடே இல்லாதப்ப அப்பறம் எங்கிருந்து வரும்? பொழுதெறங்குனப்பறம் ஒரு டம்ளர் பால், ரண்டு வாழப்பழம், அவ்வளவுதான் அவளுக்கு. அதச் சாப்பாடுன்னு சொல்ல முடியுங்ளா? சொசைட்டி விதி அத்தனையும் படிச்சவனாக்கும் நானு. விதிப்படி அவ சொல்றது சரின்னு முடிவு பண்ணிட்டேன். மாத்திரையெல்லாம் எடுத்து டப்பால போட்டு வெச்சேன். ஆறு நாளும்.

நடுவால புதங்கெழமை வந்துச்சுங்க.

டாக்டரம்மா கைல பட்டையச் சுத்தி அமுக்கிப் பாத்தாங்க. மறுக்கா பாத்தாங்க. "என்ன இப்படி ஏறியிருக்கு?"ன்னாங்க. அவ மூஞ்சியப் பாத்து, "அம்மா, மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"ன்னு கேட்டாங்க. தெய்வாத்தா வாயத் தொறந்தா. அதுக்குள்ள ஜீப்பு வந்துருச்சுங்க தம்பி! எனக்குள்ள ஜீப்பு வந்துருச்சு! "ஒருவேளை கூடத் தவறினதில்லீங்க"ன்னுட்டேன்.

தெய்வாத்தா இருமுனா. அப்பத்தான் அவளுக்கு அந்த இருமல் ஆரம்பிச்சுது. டாக்டரம்மா உக்கார்ற இந்த ரூமு அப்படிங்க, ஒரே தூசி, ஒட்டடை அடிக்கறதே இல்ல. எங்க ரூமுல இருக்கறப்ப வராது, நடக்கறப்ப வராது, டாக்டரம்மா முன்னால உக்காந்தா மட்டும் வரும். நா உடனே சொன்னேன், "இவளுக்கு இருமலுங்க, அதுக்கும் ஏதாச்சு குடுங்க"ன்னு. டாக்டரம்மா இருமல் மருந்து எழுதுனாங்க. பிரஷர் மாத்திரைய ரட்டிப்பாக்கி, கூட இன்னொரு புது மாத்திரையும் எழுதுனாங்க. எழுதிட்டு, "நல்லவேளை ஐயா இருக்கீங்க, எனக்குச் சந்தேகமே வராது"ன்னாங்க. நா வேற தலைய ஆட்டுனேன். கொஞ்சம் அடக்கமா ஆட்டுன மாதிரி ஆட்டுனேன்.

ஏஞ் சொல்லலன்னு கேக்கறீங்களா? தம்பி, வெரதத்தப் பத்தி அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட என்னத்தச் சொல்றது? அதுவும் எல்லாரும் பாக்கறாங்க. அந்த அடுத்த ரூமுப் போர்வைக்காரரு அங்கதான் நிக்கறாரு, அடுத்தது அவரு மொறை. அவரு முன்னால, "நாங்களும் போடலீங்க"ன்னு சொன்னா எம்பட மருவாத என்னாகறது?

சஷ்டி முடிஞ்சுது. திருக்கல்யாணத்தன்னிக்கு தெய்வாத்தா நல்லாச் சாப்ட்டா. சாப்பாடு வந்தா அப்பறமும் வந்துருதில்லீங்களா? ரட்டிப்பு மாத்திரையையும் புது மாத்திரையையும் நாந்தான் எங்கையால குடுத்தேன். நல்ல கவனமா, வேளை தவறாமக் குடுத்தேன். அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது.

அவ மெல்ல மெல்லத் தளந்துட்டே வந்தா. நா, வெரதம் இருந்த அசதின்னு நெனச்சேன். ஒரு நா காலைல சாப்ட்டுட்டுக் கை களுவப் போனா. தண்ணிக் குழாய் கிட்ட சத்தங் கேட்டுது. டம்ளருதான் உளுந்துச்சுன்னு நெனச்சு, நா பாட்டுக்குப் பேசிட்டே இருக்கறேன் தம்பி. பேசிட்டே இருக்கறேன். ஜெபா சிஸ்டரு கத்துனதுக்கு அப்பறந்தான் திரும்பிப் பாத்தேன். தரைல கெடக்கறா. நெத்தில ரத்தம். கண்ணு தொறந்திருக்குது, என்னையத் தெரியல அவளுக்கு.

கல்யாணமாயி இத்தன வருசத்துல அவ என்னையப் பாத்து, யாரோன்னு பாத்த மொத பார்வை அது. "தெய்வாத்தா, தெய்வாத்தா"ன்னு கூப்புட்டுட்டே இருந்தேன். வேற ஒரு பேச்சும் வல்ல. இந்த வாய்க்கு.

சிஸ்டரு போன் போட்டதும் டாக்டரம்மா ஓடியாந்தாங்க. பிரஷரு நெம்பக் கொறஞ்சு கெடக்குதுன்னாங்க. நாடி நெம்ப மெதுவா ஓடுதுன்னாங்க. குளுக்கோஸ் ஏத்துனாங்க, புது மாத்திரையப் பாதியாக் கொறச்சாங்க. பொழுதெறங்கறதுக்குள்ள கண்ணு முழிச்சு, "நீங்க சாப்ட்டீங்களா?"ன்னு என்னையக் கேட்டா. எனக்குப் போன உசுரு வந்துச்சு.

அப்பறம் டாக்டரம்மா கேட்டாங்க, "மாத்திரை எச்சா ஏதாவது போட்டாங்களா?" "நீங்க எழுதுனபடிதானுங்க." அது நெசந்தான? "அதுக்கு முன்னாடி பழைய மாத்திரை?" "ஒருவேளை கூட..." அவங்க ஜெபா சிஸ்டரப் பாத்தாங்க. "நீ நின்னு பாத்தியாம்மா?" அந்தப் புள்ள என்னையப் பாத்துச்சு. நா ஃபேனப் பாத்தேன். ஃபேனு ஓடுதான்னு பாத்தேன். ஓடல. கரண்டு இல்ல.

டாக்டரம்மா யோசிச்சுட்டுச் சொன்னாங்க: பழைய மாத்திரை ஒழுங்காப் போட்டும் பிரஷரு அப்படி ஏறுச்சு, கொஞ்சம் கூட்டுனா இப்படி விளுந்துருச்சு, நாடியும் மெதுவா இருக்குது, கணக்கு ஒத்து வல்ல, நெஞ்சுலயே ஏதோ கோளாறு இருக்கலாம், கோயமுத்தூருல பெரிய டாக்டர் பாக்கட்டும், நெஞ்சுக்குள்ள மெஷின் வெக்க வேண்டி வந்தாலும் வரும்.

மெஷினுங்க தம்பி! தோலக் கிழிச்சு உள்ள வெப்பாங்களாமா. இந்த வெள்ளிக்கெழமை போறதா ஏற்பாடு. பையன் வரேன்னுட்டான். ஒரு கோளாறும் இல்லாத நெஞ்சு. கோளாறெல்லாம் எம்பட வாய்ல இருக்குது, கிழிக்கறது அவ நெஞ்சையா? இதச் சொல்லோணுமா வேண்டாமா? சொல்லோணும். சொல்லித்தான் ஆகோணும். சொல்றதுக்கு நா படாத பாடு பட்டனுங்க.

மொதல்ல போன் போட்டேன். எடுத்ததும் விஷயத்தச் சொன்னா மருவாதையா இருக்காதில்ல? "வணக்கமுங்க, நாச்சிமுத்துங்க, சாப்ட்டீங்களா?"ன்னேன். "சொல்லுங்க ஐயா"ன்னாங்க. "அங்க மழைங்களா?"ன்னேன். "ஐயா, ஆள் காத்திருக்காங்க, அம்மாவுக்கு ஏதாவது அவசரமா?"ன்னாங்க. "அதெல்லாம் இல்லீங்க, எல்லாம் சரியா இருக்குதுங்க"ன்னு போன வெச்சுட்டேன். வெச்சதுக்கப்பறம் போனப் பாத்துட்டே நின்னேன்.

அப்பறம் சிஸ்டரக் கேட்டு வாட்ஸப்புல பேசி அனுப்பறதப் பழகிக்கிட்டேன். அதுல யாரும் நடுவால வெட்ட மாட்டாங்கன்னு. நல்லா வெலாவாரியா, எங்க கல்யாணத்துல ஆரம்பிச்சு, முருகம்பேர்ல அவளுக்கு இருக்கற பக்தி, சொசைட்டில எனக்கு இருந்த நல்ல பேரு எல்லாஞ் சொல்லிட்டு வந்தேன். விஷயம் வர நேரத்துல விரல் நழுவிருச்சு, அதுபாட்டுக்குப் போயிருச்சு. டாக்டரம்மா ஒரு கும்பிடு படம் திருப்பி அனுப்புனாங்க.

போன தடவ வந்தப்பக் காருகிட்டயே போயி நின்னேன். வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு ஒரு எளநி சீவி வெச்சிருந்தேன். "ஐயா, இதெல்லாம் எதுக்கு?"ன்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு இருக்குது பாருங்க. என்னையப் பத்தி இன்னும் நல்லதா நெனைக்கற மூஞ்சி இந்த இல்லத்துல அது ஒண்ணுதான் பாக்கி. "ஒண்ணுமில்லீங்க, வெயிலா இருக்குது, குடிங்க"ன்னுட்டு வந்துட்டேன். எளநி வெட்டுன கைக்கு வேற என்னத்த வெட்டத் தெரியும்?

இன்னிக்குக் கடேசி. இனி விட்டா வெள்ளிக்கெழமை. காலைல குளிச்சு, திருநீறு பூசி, முருகங்கிட்ட நின்னு, "இன்னிக்குச் சொல்லிப்போடறேன், நீ பக்கத்துல இரு"ன்னு கும்பிட்டுத்தான் வந்தேன். தெய்வாத்தாளும் கேட்டா, "நா சொல்லட்டுங்ளா?"ன்னு. "நீ சும்மா இரு, உனக்கு டாக்டருங்ககிட்டப் பேசத் தெரியாது, நாம் பக்குவமாச் சொல்லிக்கறேன்"ன்னேன்.

உள்ள போனோம். டாக்டரம்மா நாடியப் புடிச்சுப் பாத்தாங்க. அப்பறம் மெதுவா, "கோயமுத்தூருக்கு எழுதறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ கேக்கறேன், மாத்திரை எப்பவாவது விட்டுப்போச்சா?"ன்னாங்க. எவ்வளவு அருமையான கேள்வி பாருங்க! வாசக் கதவத் தொறந்து வெச்சு வாங்கன்னு கூப்புடற மாதிரிக் கேள்வி. நா நிமுந்து உக்காந்தேன். தொண்டையக் கனைச்சேன்.

"ஒருவேளை கூடத் தவறினதில்லீங்க."

எம் வாய்தானுங்க சொல்லுச்சு. எங்காதே அதக் கேட்டு அசந்து போச்சு. பக்கத்துல இவ இருமுனா பாருங்க, ஒரு இருமலு, கூரை பறந்துரும்போல. "இவளுக்கு இன்னும் அந்த இருமல் நிக்கலீங்க"ன்னேன். டாக்டரம்மா பேனாவக் கீழ வெச்சாங்க. அவளப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க. "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. அம்மா பேசட்டும்"ன்னாங்க. "அவளுக்கு வெவரம் பத்தாதுங்க"ன்னேன். "பரவால்ல ஐயா. கதவச் சாத்திட்டுப் போங்க"ன்னாங்க.

சாத்திட்டு வந்தேன். சொசைட்டில அத்தன வருசம் இருந்தவன், எந்த ஆபீசரும் என்னைய வெளிய உக்காருன்னு சொன்னதில்ல.

போயி எத்தன நேரமாச்சு பாருங்க. இவளுக்கு இவ்வளவு நேரம் பேசறதுக்கு என்ன இருக்குது? எங்கிட்ட, "சாப்ட வாங்க, துண்டு எங்க, குளிச்சாச்சா" இத விட்டா வேற பேச்சே இல்ல அவளுக்கு. அங்க பாருங்க, சிரிக்கற சத்தங் கேக்குது. இவதான் சிரிக்கறா. இவ சிரிச்சு நாங் கேட்டு... சரி விடுங்க.

எங்காலப் பாக்கறீங்களா? அதொண்ணுமில்ல தம்பி. செருப்பு பத்தல, அதான் அமுக்குன எடத்துல குழியாத் தெரியுது. கொஞ்ச நாளா எல்லாச் செருப்பும் சின்னதாத்தான் பண்றாங்க.

நாஞ் சொல்றது என்னன்னா தம்பி, உள்ள போனீங்கன்னா உங்கம்மாவக் கேட்டா அம்மாவே சொல்லட்டும். நீங்க வாய மூடிட்டு இருங்க. அவிங்களுக்குத் தெரியாததா? ஏனுங்கம்மா, உங்களுக்கு என்ன பண்ணுது, முட்டி வலிங்களா?... முட்டி வலிதான், பாத்தாலே தெரியுது. பாருங்க, நானே சொல்லிப்போட்டேன். அந்தம்மா சிரிக்கறாங்க. சிரிங்கம்மா, சிரிங்க.

கதவு தொறக்குது. வந்துட்டா, வந்துட்டா. மெல்ல, தெய்வாத்தா, நெலப்படி இருக்குது. என்ற கையப் புடிச்சுக்க. இத்தன நேரம் என்னத்தப் பேசுன?... சொல்லிட்டியா? சஷ்டியையுமா? ஆறு நாளையுமா? திட்டுனாங்களா?... திட்டலயா? அப்பறம் கோயமுத்தூரு?... வேண்டாமா! தம்பி, இப்பப் போக வேண்டாமாமுங்க! புது மாத்திரைய அடியோட நிறுத்திட்டு, பழையதையே கொறச்சு வெச்சு கொஞ்ச நாள் பாக்கறாங்களாம். அதுக்கும் நாடி சரியாகலீன்னாத்தான் கோயமுத்தூராம். முருகா! நானு இத்தன நாளா முட்டி மோதுனத இவ போயி உக்காந்து...

என்ன? இருமல் மருந்தையும் நிறுத்திட்டாங்களா? ஏனாம்?... இருமலே இல்லியா? இல்லாமத்தான் இத்தன நாளா அந்த... நாம் பொய் சொல்றப்பவா? ஒவ்வொருக்காவுமா? அட கெரகமே. அத வெளிப்படையாச் சொல்றதுக்கென்ன?... ஆமா. ஆமா, நா எங்க விட்டேன். பாவம் தம்பி, அந்தக் கசப்பு மருந்த பாட்டல் பாட்டலாக் குடிச்சா.

சரி வா, ரூமுக்குப் போலாம். என்ன நிக்கற?... என்னையவா கூப்புடறாங்க? எனக்கு என்னத்துக்கு? நா நல்லாத்தான் இருக்கறேன். நீர் மாத்திரையா? அதெல்லாம் ஒருவேளை கூடத்...

எந்தத் தொட்டி?

செடியக் கிளறுனப்பவா பாத்த? எப்பருந்து தெரியும்?... அதப் போட்டா அரைமணிக்கொருக்கா எந்திரிச்சு ஓடோணும் தெய்வாத்தா, நாலு பேரோட பேசிட்டிருக்கறப்ப நடுவால எந்திரிச்சு ஓடுனா நல்லாவா இருக்குது? சரி, எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?... கேட்டியா? எப்ப? நா என்ன சொன்னேன்?... ம். அதையேதான் சொல்லியிருப்பேன்.

இதுக்கா? இந்தக் காலு வீக்கம் எறங்கோணும்னா ஆறு நாளும் பட்டினி கெடந்த? அதுவா அந்த வேண்டுதலு?

தம்பி, எனக்கு அழுவாச்சி வருதுங்க. வெக்கமில்லாம வருது. நாந் தொட்டில போட்ட மாத்திரைக்கு இவ பட்டினி கெடந்து, உளுந்து, நெத்தியொடைஞ்சு... ஒரு வார்த்த சொல்லல பாருங்க. சொல்றதுக்கு நா எங்க எடம் விட்டேன்.

வரேன் சிஸ்டரு, வரேன், எந்திரிக்க வேண்டாமா? தெய்வாத்தா, நீயும் உள்ள வா. என்ன?... தனியா வரச் சொன்னாங்களா? நாந் தனியாப் போயி என்னத்தச் சொல்றது?

செரி. போறேன். நீ இங்கயே, இந்த மயிலாத்தாம்மா பக்கத்துல உக்காரு. அந்த ஓரம் வேண்டாம், தூக்கிரும். நாங் கதவ முழுசாச் சாத்த மாட்டேன், கொஞ்சம் தொறந்தே வெக்கறேன். உள்ள நாம் பேசறதக் கேட்டுட்டே இரு. மாத்திச் சொன்னன்னா இருமு. பலமா இருமோணும் தெய்வாத்தா, எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.